ஏறின இடத்திலிருந்து

ராயபுரத்தில் கிளம்பும்போதே பாதயாத்திரைக் கூட்டத்தின் தலைவர் அந்தோணிசாமி சட்டமெல்லாம் சொல்லிவிட்டார். வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை காலில் செருப்பு கூடாது. காவி உடுப்பு, கழுத்தில் மாலை, வாயில் கவிச்சி படக்கூடாது. வழியில் யாராவது வண்டி ஏறினால், அது ஆம்புலன்ஸாகவே இருந்தாலும் சரி, ஏறின இடத்துக்கே திரும்பிப் போய் அங்கிருந்து நடக்கவேண்டும். இல்லாவிட்டால் நடந்ததெல்லாம் வீண். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர் அவர். பெட்டிகளைத் தூக்கி வைத்து இறக்கி வைத்தே பழகியதால் மனிதர்களையும் அப்படித்தான் நடத்துவார். ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது.

சகாயராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் தனக்காக நடக்கவில்லை. மார்பில் கட்டி வந்து அவள் ஆபரேஷன் தியேட்டருக்குள் கிடந்தபோது, வெளியே வராந்தாவில் நின்று அவள் புருஷன் சவரிராஜ் வேண்டிக்கொண்டார். இவள் பிழைத்து வீடு வந்தால் நான் நடந்தே வந்து உன்னைப் பார்க்கிறேன் தாயே என்று. அவள் பிழைத்தாள். அவரோ இந்த வருஷம் மழை, இந்த வருஷம் ஓவர்டைம், அடுத்த வருஷம் கண்டிப்பாக என்று தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வேண்டினவர் போய்விட்டார். வேண்டுதல் மட்டும் வீட்டை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தது. அதை முடிக்காவிட்டால் போன இடத்தில் அந்த மனுஷனுக்கு நிம்மதி இருக்காது என்று அவள் நம்பினாள். தன் உயிருக்காகப் பட்ட கடனாயிற்றே.

மரக்காணம் தாண்டும்போதே இரண்டு பாதங்களிலும் கொப்புளம். பாண்டிச்சேரியில் அது உடைந்தது. கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டுப் பாகூர் ரோட்டில் திரும்பினார்கள். பாகூரில் சாமிநாதன் என்கிற விவசாயி தன் ரைஸ்மில்லில் வருஷா வருஷம் இவர்களுக்குச் சோறு போட்டு, ராத் தங்க இடம் கொடுப்பார். சோறு என்றதும் கூட்டம் வேகம் பிடித்தது. "நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்" என்று அவள் மாதா சப்பரத்தையும் அதை இழுத்துப்போன கூட்டத்தையும் முன்னால் விட்டாள். ஆவணி வெயில், இரண்டு பக்கமும் கரும்பு, ஒரு பொட்டு நிழல் இல்லை. வாய்க்கால் பாலத்துக் கட்டையில் சற்று உட்காரலாம் என்று உட்கார்ந்தது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம்.

கண் திறந்தபோது ஒரு கட்டிலில் படுத்திருந்தாள். காலில் பெரிய பெரிய கட்டு. எலுமிச்சம்பழத் தண்ணீரோடு ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவருகே தொப்பி போட்ட ஒருவர், பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவர் கமருதீன், பாகூர் கடைத்தெருவில் செருப்பு, குடை, பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். அந்தப் பெண் அவர் மனைவி மெஹர் நிஷா. வீடு கடைக்குப் பின்னாலேயே.

கமருதீனுக்கு உதவி செய்யும் வியாதி உண்டு. கேட்டாலும் செய்வார், கேட்காவிட்டால் இன்னும் அதிகமாகச் செய்வார். தெருவில் யாராவது பஞ்சரான சைக்கிளோடு நின்றால், அவர்கள் வாய் திறப்பதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிடுவார் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள்.

"நான் எப்புடி இங்க வந்தேன்?" என்றாள் சகாயராணி.

"நாந்தான்கா இட்டுக்கினு வந்தேன்!" என்று ஆரம்பித்தார் கமருதீன். "பாண்டில சரக்கு எடுத்துக்கினு குட்டியானை வண்டில வந்துக்கினு இருந்தனா, பாலத்துக் கட்டை ஓரம் நீங்க மயங்கிக் கெடக்குறீங்க. பகீர்னு ஆயிடுச்சி. கொல்லில களை எடுத்துக்கினு இருந்த பொம்பளைங்கள கூப்டேன். பக்கெட்டையெல்லாம் ஓரம் தள்ளிட்டு, உங்கள ஏத்திப் படுக்க வெச்சி, ஒரே அழுத்து. நர்ஸம்மாவையும் நாந்தான் இட்டாந்தேன்."

"வண்டிலயா?"

"பின்ன, நடந்தா தூக்கியார முடியும்?"

சகாயராணி எழுந்து உட்கார்ந்தாள். கொடுத்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். "யாரு பாய் உங்கள ஏத்தச் சொன்னது? அங்கயே கெடந்திருப்பேனே! எல்லாம் போச்சே!"

செய்த உதவிக்கு இப்படி ஒரு நன்றி கமருதீன் இதுவரை வாங்கினதில்லை. மெஹர் நிஷாதான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அழுகை அடங்கியதும் விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். ஆபரேஷன், வராந்தா, வேண்டுதல், அந்தோணிசாமியின் சட்டம் எல்லாம் வெளியே வந்தது. கேட்கக் கேட்கக் கமருதீன் முகம் சுருங்கிப்போயிற்று. உடனே வெளியே போனவர் நேரே ரைஸ்மில்லுக்குத்தான் போனார்.

சாயங்காலம் அந்தோணிசாமியை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நுழையும்போதே, "தப்பு எம்மேல சார், அந்தக்காவுக்கு நெனவே இல்ல. கணக்குல சேக்காதீங்க" என்று வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டே வந்தார். நர்ஸ் விஜயகுமாரி கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கால்களைப் பார்த்ததும் அந்தோணிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சகாயம், நாங்க விடிஞ்சா கெளம்பணும்மா. திருவிழாக் கொடியேத்தத்துக்குப் போய்ச் சேரணும். நீ பஸ் ஏறி ஊருக்குப் போயிடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்ற வார்த்தையை அவள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே. நீங்க போங்க. கால் ஆறுனதும் ஏறுன எடத்துக்கே போயி நடந்து வரேன். கொடியேத்தத்துக்கு முடியலன்னா தேருக்கு வந்துடுறேன்."

"தனியாவா? எங்கம்மா தங்குவ?"

"இன்னா சார் கேக்குறீங்க? இங்கதான்" என்றாள் மெஹர் நிஷா. அந்தோணிசாமி சகாயராணியின் தலையில் கைவைத்து ஒரு ஜெபம் சொன்னார். கமருதீன் தொப்பியைச் சரி செய்துகொண்டு, அது முடியும்வரை அசையாமல் நின்றார்.

கூட்டம் போய்விட்டது. சகாயராணி அந்த வீட்டில் தங்கினாள். வாயில் கவிச்சி படக்கூடாது என்று தெரிந்ததும் மெஹர் நிஷா கடையிலிருந்து புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தட்டு எடுத்து வந்து அதில் தனியாகச் சமைத்தாள். சமையல் இரண்டாக இருந்தால் வந்தவளுக்குச் சங்கடமாக இருக்குமென்று மறுநாளிலிருந்து வீட்டுக்கே கீரையும் சாம்பாரும்தான். கறி இல்லாவிட்டால் கமருதீனுக்குச் சோறு இறங்காது. ஆனாலும் தண்டனை அனுபவிப்பவர் மாதிரி முருங்கைக்கீரையை வாரி வாரிச் சாப்பிட்டார். "நல்லாதான் இருக்குது" என்று வேறு சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த சகாயராணிக்கு இந்த மனுஷனைப் போய்த் திட்டினோமே என்றிருந்தது.

அவள் துணிப்பை கிழிந்திருந்ததை மெஹர் நிஷா தைத்துக் கொடுத்தாள். காவிப் புடவைகளைத் துவைத்து மாடியில் உலர்த்தினாள். கடைக்குப் போய்வரும் கமருதீன் ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொண்டுவந்து அந்தப் பைக்குள் திணித்தார். குளுக்கோஸ், பஞ்சு, தேங்காய் எண்ணெய், டார்ச் லைட், மடக்குக் குடை. "பையத் தூக்கிக்கினு அந்தக்கா நடக்கணுமா வேணாமா?" என்று மெஹர் நிஷா அதட்டியதும், பாதியை எடுத்துவிட்டு வேறு எதையோ வைத்தார்.

கால் கொஞ்சம் தேறியது. ஆனால் நர்ஸ் விஜயகுமாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "நடக்கலாம். ஆனா செருப்பு இல்லாம ஒரு அடி வெக்கக் கூடாது. புண்ணுல மண்ணு போயி மறுபடியும் சீழ் வெச்சா வெரலையே எடுக்க வேண்டி வரும். நான் பயமுறுத்தல, நெசத்தச் சொல்றேன்."

அவள் போனதும் சகாயராணி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஏறின இடத்துக்குத் திரும்பிப் போக அவள் தயார். செருப்பு போட்டுக்கொள்ளத் தயாரில்லை. "செருப்பு போட்டுக்கினு நடக்குறதுக்கு ஊருக்கே போயிடலாம் மெஹரு. வெரல் போனா போவட்டும். அவரு வேண்டுதல்ல கொறை வெச்சேன்னு இருக்கக் கூடாது."

மெஹர் நிஷா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஏங்கா, செருப்பு இல்லாம வரேன்னுதான் உங்க வூட்டுக்காரரு வேண்டிக்கினாரா?"

"ஆமா" என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

நடந்தே வந்து உன்னைப் பார்க்கிறேன். அவ்வளவுதான் அவர் சொன்னது. வீட்டுக்கு வந்த பிறகும் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார், பத்துத் தடவையும் அதே வார்த்தைதான். வெறுங்கால் என்பது அந்தோணிசாமியின் சட்டம். அதற்கு மேல் சவரிராஜுக்கும் வெறுங்காலுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மனுஷன் மெரினா மணலில்கூடச் செருப்பைக் கழற்றமாட்டார். குளியலறைக்குத் தனிச் செருப்பு, மொட்டைமாடிக்குத் தனிச் செருப்பு. கோயில் வாசலில் கழற்றும்போது, பூசை முடியும்வரை திருடு போகாமல் இருக்கவேண்டுமே என்றுதான் முதல் ஜெபம் பண்ணுவார். கல் குத்தினால் சின்னப் பிள்ளை மாதிரி ஊரைக் கூட்டுவார்.

சகாயராணிக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன நாளிலிருந்து வராத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்க வந்தது. மெஹர் நிஷா பயந்துபோய்ப் பூண்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அவராவது, வெறுங்கால்ல நடக்குறதாவது!" என்றாள் சகாயராணி. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அழுகையாகிவிட்டது. மெஹர் நிஷா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

சகாயராணி செருப்பு போட்டுக்கொள்ளச் சம்மதித்தது கடைக்குள் கேட்டதோ இல்லையோ, கமருதீன் ஏணி போட்டுப் பரணில் ஏறிவிட்டார். பெண்கள் செருப்பு எத்தனை தினுசு உண்டோ அத்தனையையும் கீழே இறக்கினார். ஒன்றும் பொருந்தவில்லை. கட்டுப் போட்ட கால் எதற்குள்ளும் நுழையவில்லை. பெரிய அளவு என்று எடுத்ததில் முன்பாதம் போயிற்று, பின்பாதம் போகவில்லை. கடை முழுக்கப் பெட்டியும் காகிதமும் சிதறிக் கிடக்க, நடுவில் அவர் வியர்த்து நின்றார். பிறகு, இன்னொரு அலமாரியிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு ஜோடியை எடுத்தார். பழுப்பு நிறம், பட்டை வைத்தது.

"கோச்சுக்காதீங்கக்கா. இது ஆம்பளைங்க போடுறது. ஆனா பட்டைய தளத்தலாம், கட்டோட நொழையும். ஒம்போதாம் நம்பரு."

சகாயராணி அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிடிக்கவில்லையோ என்று கமருதீன் மறுபடி ஏணியைத் தொட்டார்.

"அவருக்கும் ஒம்போதுதான் பாய்" என்றாள்.

கீழே போட்டுக் கால்களை நுழைத்தாள். கட்டோடு சேர்த்துச் சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் குட்டியானை கிருமாம்பாக்கம் ரோட்டில் திரும்பிப் போயிற்று. வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி, இறங்கி, கட்டையின் எந்தப் பக்கம் அவள் கிடந்தாள் என்று கமருதீன் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். கடைசியில் ஓர் இடத்தில் காலால் கோடு கிழித்து, "இங்கதான். ஒரு அடி கூடக் கொறைய இல்ல" என்றார். செய்த தப்பை இதைவிடச் சுத்தமாக யாரும் திருத்த முடியாது என்ற திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

சகாயராணி கோட்டுக்குப் பின்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். பாகூர் வரைக்கும் தானும் நடப்பதாக மெஹர் நிஷா இறங்கிக்கொண்டாள். ஏறிக்கொள்ளச் சொல்லி வாய் தவறியும் கேட்டுவிடக் கூடாது என்று கமருதீன் வண்டியை நன்றாகப் பின்தங்க விட்டு மெதுவாக ஓட்டி வந்தார்.

இரண்டு பேரும் கரும்புக்கு நடுவே நடந்தார்கள். பெரிய செருப்பு டப் டப்பென்று ரோட்டில் அடித்தது. முதல் வளைவிலேயே சகாயராணி பல்லைக் கடிப்பதை மெஹர் நிஷா பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா? செத்த உக்காரலாமா?"

"எனக்கு வலிக்குது மெஹரு" என்றாள் சகாயராணி, நிற்காமல். "அவரு நல்லா நடக்குறாரு."