கண்ணுக்கு ஈரல்

ஞாயிறு, புதன் என்று வாரத்தில் இரண்டு நாள் சொர்ணவல்லி கால் கிலோ ஆட்டு ஈரல் வதக்கினாள். மிளகைத் தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் சேர்த்து, நல்லெண்ணெயில் வதக்குவாள். இது இரண்டு வருடமாக நடக்கிறது. அதில் ஒரு துண்டுகூட அவள் வாய்க்குள் போனதில்லை.

ஈரல் அவள் புருஷன் அரசப்பனுடைய கண்ணுக்கு.

அரசப்பன் அரியக்குடியில் நகைவேலை செய்யும் ஆசாரி. நாற்பத்தேழு வயது. நகை ஒட்டும் வேலையில் கண்ணும் வாயும் சேர்ந்து உழைக்க வேண்டும். கரித்துண்டின் மேல் நகையை வைத்து, ஒட்ட வேண்டிய இடத்தில் பற்றவைக்கும் பொடியைத் தூவி, விளக்குச் சுடரை ஊதுகுழலால் அந்த இடத்துக்குத் திருப்பி ஊத வேண்டும். பொடி உருகிப் பளிச்சென்று ஓடும் நொடியில் ஊதுவதை நிறுத்த வேண்டும். பிந்தினால் நகையே உருகிவிடும். ஊதுகுழல் ஒரு சாண் நீளம். ஆகவே நகையும் முகத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில்தான் இருந்தாக வேண்டும். சரியாக அந்தத் தூரத்தில்தான் அரசப்பனுக்கு எல்லாம் கலங்கிப் போயிற்று. கையை நீட்டிப் பிடித்தால் தெரிந்தது. நீட்டிப் பிடித்தால் சுடர் எட்டவில்லை.

"ஆசாரிக்குக் கண்ணு நல்லாத்தேன் இருக்கு. கைதேன் நீளம் பத்தல" என்று பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு சொல்லிச் சிரித்தாள்.

அரசப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு ஒரு வைத்தியம் தெரியும். அவன் தம்பி சின்னப் பையனாக இருந்தபோது பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் தூணில் முட்டிக்கொள்வான். மாலைக்கண். ஒரு மாதம் ஈரல் கொடுத்தார்கள், தெளிந்துவிட்டது. அது பொய்யில்லை. மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு உடம்புக்கு ஒரு சத்து வேண்டும், அது ஈரலில் நிறைய உண்டு. ஆனால் அரசப்பன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, கண்ணில் எந்தக் கோளாறு வந்தாலும் ஈரல்தான் மருந்து என்று. கூடவே தினம் ஒரு முட்டை. நெய் விட்ட முருங்கைக்கீரை.

"இந்த வீட்டுக்கே கண்ணு ஏங்கண்ணுதேன். இது அணைஞ்சா அடுப்பும் அணைஞ்சிரும், தெரிஞ்சுக்க" என்பான்.

சொர்ணவல்லி ஈரலை முழுக்க அவன் தட்டில் வைப்பாள். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஈரல் வதக்கிய சட்டியில் சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கும் காரத்தோடு பிரட்டிச் சாப்பிடுவாள். வாசனை மட்டும் வரும்.

அதே இரண்டு வருடத்தில் அவள் உடம்பும் மாறிக்கொண்டிருந்தது. அவளுக்கு நாற்பத்துநாலு. மாதவிலக்கு கணக்குத் தப்பியது. இருபது நாளில் வந்து பத்து நாள் நின்றது. பழைய வேட்டித் துணிகள் காயக் காயப் போதவில்லை.

"நிக்கப்போற காலம்த்தா. அணையப்போற விளக்கு மாதிரி, போறப்ப ஒரு ஆட்டம் ஆடித்தேன் போகும்" என்றாள் வள்ளிக்கண்ணு.

இன்னொன்றும் அவளைப் பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பச்சை அரிசி. சுளகில் புடைக்கும்போது ஒரு கை எடுத்து வாயில் போடுவாள். மெல்லும்போதே நாக்கு இன்னும் கேட்கும். விடிந்து எழுந்தால் முதல் நினைப்பே அரிசிதான்.

ஒரு நாள் அரசப்பன் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"இந்த வீட்டுல ரெண்டு கால் எலி ஒண்ணு திரியுது. மூணு வேளை சோத்தையும் தின்னுபுட்டு அரிசியையுமா திங்கிற? வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. அவளால் விட முடியவில்லை.

சித்திரையில் ஒரு காலை, ஊருணியில் தண்ணீர் எடுத்து இடுப்பில் குடத்தோடு ஏறும்போது ஏழாவது படியில் கண் இருட்டிற்று. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது, அப்படியே சரிந்தாள். குடம் உருண்டு படிப்படியாகத் தட்டிக்கொண்டே தண்ணீருக்குள் போயிற்று. வள்ளிக்கண்ணு கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அரசப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"வயசாயிருச்சில்ல. முன்ன மாதிரி ஆகுமா? இனிமே அரைக்குடமா எடு" என்று சொல்லிவிட்டு, முட்டையை உரித்தான்.

சொர்ணவல்லி சுவரில் சாய்ந்தபடி அந்த முட்டையைப் பார்த்தாள். உள்ளே ஏதோ சுருக்கென்று எழுந்தது. பேச மூச்சில்லை, அதனால் பேசவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு நகை திரும்பி வந்தது. காரைக்குடி ஆச்சி ஒருவரின் கழுத்துரு என்கிற தாலிநகை. ஒட்டிய இடத்தில் ஒரு மணி கோணி, பக்கத்து மணியில் பாதி உருகி வழிந்திருந்தது. ஆச்சி கோபப்படவில்லை. "காரைக்குடிப் பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போட்டிருக்காக. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க, ஆசாரி. அதுக்கப்புறம் நகையத் தொடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நகையை எடுத்துக்கொண்டு போனார். அரசப்பனுக்கு அது அடித்ததைவிட வலித்தது.

துணைக்குச் சொர்ணவல்லியையும் கூட்டிக்கொண்டு போனான்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடி வரைக்கும் வரிசை நின்றது. டாக்டர் அரசப்பனின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தூரத்து எழுத்தைப் படிக்கச் சொன்னார், கடகடவென்று படித்தான். கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார், தடுமாறினான். மூக்கில் ஒரு கண்ணாடியை மாட்டினார். அட்டையின் கடைசி வரி எறும்பாக ஊர்ந்ததெல்லாம் போய் எழுத்தாக நின்றது.

"இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ள ஒரு வில்லை இருக்கு. கிட்டத்துல பாக்கணும்னா அது கொஞ்சம் உப்பணும். வயசு ஏற ஏற இறுகிடும், உப்ப மாட்டேங்கும். அதுக்குப் பதிலா இந்தக் கண்ணாடி உப்பிக்கிட்டு நிக்குது. அவ்வளவுதான்."

"கம்பிய இழுக்க இழுக்க விறைச்சுக்கிருமே, அந்த மாதிரியா சார்?"

"அதேதான்."

"விறைச்ச கம்பிய நெருப்புல காட்டினா இளகிருமே?"

"கண்ணை நெருப்புல காட்டலாம்கிறீங்களா?"

வரிசை சிரித்தது. அரசப்பன் விடவில்லை. "ரெண்டு வருசமா ஈரலாத் திங்கிறேன் சார். முட்டை, நெய்யி, கீரை..."

"நல்ல சாப்பாடு. ஆனா இதுக்கு மருந்தில்ல. ராசா வீட்டுலயும் நாப்பதுக்கு மேல இது வரும், கஞ்சி குடிக்கிறவன் வீட்டுலயும் வரும். அடுத்த ஆளு."

சொர்ணவல்லி பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. முகாமுக்கு வந்திருந்த நர்ஸ் புஷ்பவள்ளி, ஒக்கூர்க்காரி, அவளைப் பார்த்துக்கொண்டே போனவள் திரும்பி வந்தாள். கேட்காமலே கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பழைய துணி போல வெளுத்திருந்தது.

"கையக் காட்டுங்கத்தா."

டம்ளர்த் தண்ணீரில் விரலை நனைத்து, சொர்ணவல்லியின் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டாள். நகம் மேடாக இருந்தால் சொட்டு வழிந்திருக்கும். அது அங்கேயே நின்றது. நகம் கரண்டி போலக் குழிந்திருந்தது.

"அரிசி திம்பீகளா?"

சொர்ணவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடியோடு வந்து நின்ற அரசப்பன் பதில் சொன்னான்.

"பானையையே காலி பண்றா நர்ஸம்மா!"

"சும்மா இருங்க நீங்க. ரத்தம் வத்துன ஒடம்பு கேக்குது. எதைக் கேக்கணும்னு தெரியாம அரிசியக் கேக்குது. சில பேருக்குச் சாம்பல், சில பேருக்குச் செம்மண்." நர்ஸ் அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "ரத்தத்துக்குச் சிவப்புக் குடுக்கிறது இரும்புச் சத்துத்தா. மூச்சுக் காத்த ஒடம்பு பூராவும் சொமந்துக்கிட்டுப் போறது அதுதேன். மாசா மாசம் வெளிய போயிருது, சாப்பாடு அதைத் திரும்பக் கொண்டாரணும். உங்களுக்குப் போறது கூடிப்போச்சு, வர்றது நின்னுபோச்சு. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையே நெஞ்சு ரெண்டு மடங்கு ஓட்டி ஓட்டிச் சமாளிக்குது. அதுதேன் படபடன்னு வருது. மாத்திர தர்றேன். வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்துறாதீக. இவ்வளவு போறது நிக்கப்போற காலத்துக்கும் சரியில்ல, பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர்கிட்ட கண்டிப்பாக் காட்டணும்."

பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கீரையிலயும் இருக்கு, ஆனா ஈரல்ல இருக்கிறது சட்டுனு ஒடம்புல சேரும். வாரத்துக்கு ரெண்டு நாள் ஈரல் வாங்கித் திங்க உங்க வீட்டுல வசதிப்படுமா?"

அரசப்பன் கண்ணாடியைக் கழற்றினான்.

சொர்ணவல்லி எழுந்து நின்றாள். கோபம் அவள் உள்ளங்காலிலிருந்து ஏறிற்று. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் அவனை எதிர்த்துக் குரல் உயர்த்தாதவள், அத்தனை ஜனத்துக்கு நடுவில் வாயைத் திறந்தாள்.

"அவுகளுக்கு வயசாச்சு. அதைச் சாப்பாடு பத்தலன்னாக."

மூச்சு அறுந்தது. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சாப்பாடு பத்தல. அதை..."

மறுபடியும் அறுந்தது.

"அதை வயசுன்னாக."

இன்னும் இருந்தது. முட்டை, எலி, சட்டி வழித்த சோறு, ஊருணித் தண்ணீருக்குள் போன குடம், எல்லாம் தொண்டையில் வந்து நின்றன. வார்த்தை இருந்தது, அதைத் தள்ள காற்றில்லை. கோபப்படுவதற்கும் ரத்தம் வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுல போய்ப் பேசிக்கிருவோம். ஊரு பாக்குது" என்றான் அரசப்பன்.

வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை ஈரல் வந்தது. வதக்கினாள். அரசப்பன் மணைபோட்டு உட்கார்ந்தான். அவனுக்குச் சோறும் ரசமும் வைத்தாள். எதிரில் தனக்கொரு தட்டு வைத்து, சட்டியிலிருந்த ஈரலை மொத்தமாக அதில் தள்ளினாள். உட்கார்ந்தாள்.

"என்னடி இது? டாக்டரு ஈரல் கெட்டதுன்னா சொன்னாரு? நல்ல சாப்பாடுன்னுதானே சொன்னாரு?"

அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"ஆம்பளைக்கு முன்னாடி உக்காந்து திங்கிற. வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாக."

இன்னொரு துண்டு. மிளகு நன்றாகவே பிடித்திருந்தது. இத்தனை நாள் உப்பு அரைக்கல் குறைவாகப் போட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, ஆளுக்குப் பாதின்னாவது வையி."

தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. பேச்சுக்குச் செலவழிக்க அவளிடம் மூச்சில்லை. கடைசித் துண்டு வரைக்கும் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

மூன்று மாதம் போயிற்று. முதலில் போனது அரிசி ஆசை. ஒரு நாள் சுளகில் புடைத்து முடித்த பிறகுதான், வாயில் ஒன்றும் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர் கொடுத்த மருந்தில் ரத்தப்போக்கு மட்டுப்பட்டது. ஆவணியில் ஊருணிப் படி பதினாறையும் முழுக்குடத்தோடு நிற்காமல் ஏறினாள். அரசப்பனும் கண்ணாடி போட்டு வேலையைப் பழையபடி செய்தான். ஆச்சி கழுத்துருவை மறுபடி ஒட்ட அனுப்பிவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரல் அடுப்பில் இருக்கும்போது, வேலையிடத்திலிருந்து எழுந்து வந்தான். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"இப்பத்தேன் தேறிட்டியே. கன்னமெல்லாம் ரத்தம் ஏறியிருக்கு. இனிமே பழையபடி எனக்கு வச்சிரு. ஒழைக்கிற ஒடம்பு."

சொர்ணவல்லி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒழைக்கிற ஒடம்பா? ரெண்டு வருசம் நான் இருபது நாளைக்கு ஒருக்கா பத்து நாளு ரத்தமாக் கொட்டிக்கிட்டு ஒங்களுக்கு மிளகு தட்டிக்கிட்டு நின்னேனே அது ஒழைப்பில்லையா, சட்டிய வழிச்சுத் தின்னவள எலின்னு சொன்னீகளே, ஊருணிப் படியில விழுந்து எந்திரிச்சு வந்தவளப் பாத்து வயசாயிருச்சுன்னுட்டு முட்டைய உரிச்சீகளே, ஒரு பாதி முட்டைய இந்தான்னு நீட்ட அந்தக் கை நீளம் பத்தலையா, ஒங்க கண்ணுக்கு ஒண்ணும் கொறையில்லன்னு தெரிஞ்ச பெறகும் ஈரலக் கேட்டுக்கிட்டு வந்து நிக்கிறீகளே!"

சொல்லி முடித்தபோதுதான் கவனித்தாள். நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு அறுபடவில்லை. தூணைப் பிடிக்கவில்லை. நெஞ்சு சீராக அடித்துக்கொண்டிருந்தது. அரசப்பன் இரண்டடி பின்னால் போயிருந்தான்.

"அதுதேன் தேறிட்டேன்னு சொன்னேன்" என்றான், குரல் இறங்கி.

அவள் தண்ணீர்ச் செம்பில் விரலை நனைத்துக் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். நகம் அடியிலிருந்துதான் வளரும். மூன்று மாதத்தில் கீழ்ப்பாதி மேடாக, இளஞ்சிவப்பாக வந்திருந்தது. மேல்பாதி இன்னும் பழைய கரண்டிதான். சொட்டு அந்தக் குழியில் நின்றது. அந்தக் கையைக் கொண்டுபோய் அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டினாள்.

அரசப்பன் கண்ணை இடுக்கினான். தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"தெரியல" என்றான்.

"கண்ணாடியப் போடுங்க" என்றாள் சொர்ணவல்லி. "நான் இன்னும் முடிக்கல."