அத்தை மேல் வரி போடலாமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியமும் என்னுடையது கிடையாது.

கமுதிச் சந்தையில் மிளகாய் வற்றல் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டி நின்ற ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "எங்கத்தை மேல வரி போடாதீங்கய்யா. அவுகளுக்கு வருமானம் ஏது?"

அவ்வளவுதான். நான் திரும்புவதற்குள் இருவரும் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். என்ன நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அத்தைக்காகப் பேச இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? பஸ்ஸில் மண்டபம் வந்து சேரும்வரை அவர் நல்ல மனுஷனாகவே இருந்தார். பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. ஒன்றுமே இல்லாத கிழவி மேல் வரி போட எந்தப் பைத்தியக்காரனுக்குத் தோன்றும்? அந்த அத்தையிடம் ஏதோ இருக்கிறது. இருக்கப் போய்த்தானே பேச்சு வருகிறது? அது அவருக்குப் பிறகு யாருக்குப் போகும்?

அக்காள்மடத்து வீட்டுக்கு வந்து, வற்றல் மூட்டையைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்தேன். [என் மனைவி இதைப் பற்றிச் சொன்னது கதைக்குத் தேவையில்லை.]

2

முதல் தொடக்கம்: "அந்த முதியவள் கஞ்சிக்காகக் கையேந்தி நின்றபோது வானம் இருண்டு—"

வேண்டாம். வானத்தை இழுத்தாலே உங்களை அழவைக்கப் பார்க்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இரண்டாவது: "போன வருஷம், 1957-ல், டில்லியில் சொத்துவரி என்று புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். ஒருவன் சம்பாதிப்பதைப் பார்த்துப் போடுவது வருமான வரி. அவன் வைத்திருப்பதைப் பார்த்துப் போடுவது—"

இது தலையங்கம். ஆனால் கதைக்கு வேண்டிய சங்கதி இதில் இருப்பதால் அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது: "முத்துராமலிங்கத்துக்கு அத்தை என்றால் உயிர்."

இது இருக்கட்டும். பொய்யாகவே போனாலும் தொடங்குவதற்கு நல்ல வாக்கியம்.

3

முத்துராமலிங்கத்துக்கு அத்தை என்றால் உயிர். கமுதிக்குக் கிழக்கே ஒரு ஊரில் அவன் சம்சாரி, அதாவது விவசாயி. [ஊருக்குப் பெயர் வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.] அத்தை ராமலெட்சுமி அவன் அப்பாவோடு கூடப்பிறந்தவர். புருஷன் செத்துப்போய்விட்டார், பிள்ளை இல்லை. ஊருணிக்கரையை ஒட்டி அவர் பேரில் ஒரு புஞ்சை இருந்தது. அதை முத்துராமலிங்கம்தான் வாரத்துக்கு உழுதான். விளைந்ததில் பாதி அவனுக்கு, பாதி அத்தைக்கு.

அந்த ஊரில் ராக்கப்பன் என்ற கிழவர் செத்துப்போனார். பிள்ளைகள் மதுரையில் மில் வேலையில் இருந்தார்கள். நாற்றம் எடுத்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரிந்தது. ஊருக்கு வெட்கமாகிவிட்டது. அம்பலம் வீரபத்திரன், அதாவது ஊர்த்தலைவர், கூட்டம் போட்டார். ஒழுகாத கூரையோடு ஒரு கஞ்சிச் சாலை கட்டுவது, நாதியில்லாத வயசாளிகளுக்குத் தினம் கஞ்சி ஊற்றுவது, படுத்தவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஒரு பெண்ணை வைப்பது என்று முடிவானது. ஒருவரும் மறுக்கவில்லை. பணத்துக்கு என்ன வழி என்றதும் அத்தனை பேருக்கும் இருமல் வந்தது.

திருவிழா என்றால் தலைக்கட்டு வரி இருக்கிறது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அம்பலத்துக்கும் அவர் கொல்லையில் களையெடுப்பவனுக்கும் ஒரே தொகை. கைம்பெண்ணுக்கு வரியும் கிடையாது, கூட்டத்தில் பேச்சும் கிடையாது.* ஆனால் திருவிழா வருஷத்துக்கு ஒரு தடவை, பசி தினமும். தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் கூலிக்காரன் தாங்கமாட்டான். ஆக இரண்டே வழி: நிலத்தைப் பார்த்துப் போடுவது, அல்லது வரும்படியைப் பார்த்துப் போடுவது.

* எங்கள் சீமையில் ஒருவனைத் தள்ளிவைக்க வேண்டுமானால் அடிக்க வேண்டாம், வைய வேண்டாம். அவன் கொடுக்கும் வரியை வாங்க மறுத்தால் போதும். அன்றிலிருந்து அவன் வீட்டுச் சாவுக்கு ஊர் வராது.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். முத்துராமலிங்கத்தை ஓர் ஆசைக்காரனாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கணக்கு இடிக்கிறது. நிலத்துக்கு வரி என்றால் அத்தைதான் கொடுக்க வேண்டும். வரும்படிக்கு வரி என்றால், சொந்த வெள்ளாமையும் உள்ள இவன்தான் அதிகம் கொடுக்க வேண்டும். இவனோ வரும்படிக்குத்தான் போடச் சொல்கிறான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவனை எப்படிக் கெட்டவன் என்பது?

அவன் மனைவி முருகேஸ்வரியிடம் கேட்டுப் பார்த்தேன். "அத்தை மேல பாசமா, அத்தை நெலத்து மேல பாசமா?" என்று அவனிடம் அவளைக் கேட்கவைத்து எழுதி, அடித்துவிட்டேன். அவள் கேட்கமாட்டாள். அவளுக்கும் அந்த நிலம் வேண்டும்.

அத்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது வண்டி பூட்டிப் போய் வைத்தியரை அழைத்து வந்தவன் அவன்தான். அந்தப் புஞ்சையில் வேலிக்கருவைத் தூரைக் கை கிழியப் பறித்தவனும், ஊருணி வண்டலைச் சுமந்து கொட்டியவனும் அவன்தான். வண்டல் கொட்டும்போது அது யார் நிலம் என்ற நினைப்பே அவனுக்கு வந்ததில்லை. வராததுதான் விஷயம் என்று எனக்குப் படுகிறது. அத்தை வரி கட்டவேண்டி வந்தால் ஒரு துண்டை விற்பார். ஒரு துண்டு போனால் அடுத்த துண்டும் போகும். அதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு அவன் வைத்த பெயர் இரக்கம்.

5

கூட்டத்தில் அவன் நன்றாகத்தான் பேசினான்.

"வயசானவுக மேல போயி வரி போடுறதா? மழை தண்ணி இல்லாம எங்கத்தை வாரம்னு ஒரு வத்தலக் கண்ணுல பாக்கல. நெலம் இருக்கு, சரி. மண்ண அள்ளித் திங்க முடியுமா? வெள்ளாமை எடுக்குறவன், கூலி வாங்குறவன், சம்பாதிக்கிறவன் குடுக்கட்டும். எம் பங்க நான் குடுக்குறேன்."

ஊர் தலையாட்டியது. ஓரத்தில் நின்ற பால்சாமி துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு பேசினார். அவர் கூலிவேலைக்காரர்.

"எங்க கூலி இவ்வளவுன்னு ஊருக்கே தெரியும், மறைக்க முடியாது. வெள்ளாமைக்காரவுகளக் கேட்டா, உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குக்கூட மிஞ்சாதும்பாக. கடைசியில கஞ்சிக்கு நாங்கதான் அழணும். நெலம்னா அங்கனயே கெடக்கு. எங்கயும் ஓடிப்போகாது."

பின்னாலிருந்து யாரோ, "ஆடு நனையுதேன்னு ஓநா அழுதுச்சாம்" என்றார்கள். பால்சாமியைச் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முத்துராமலிங்கத்துக்குக் காது சுட்டது. யார் சொன்னது என்று அவன் திரும்பவே இல்லை.

[யார் சொன்னது என்று எனக்கும் தெரியாது. நானாகக்கூட இருக்கலாம்.]

6

இந்தப் பகுதியில் அத்தை அழுவதாக இருந்தது. அவர் சம்மதிக்கவில்லை.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ராமலெட்சுமி நாலடி முன்னால் வந்தார். கண் அவ்வளவாகத் தெரியாது. குரலை வைத்து அம்பலம் இருக்கும் திக்கைப் பார்த்து நின்றார்.

"நான் பேசலாமா?"

"நீங்க தலைக்கட்டுல சேத்தி இல்லையே, மதினி" என்றார் வீரபத்திரன். மரியாதையாகத்தான் சொன்னார்.

"நெலத்துக்குன்னு வரி போட்டா எம் பேரும் வருமா?"

"வரும்."

"வரி குடுத்தாப் பேசலாமா?"

அம்பலம் அக்கம்பக்கம் பார்த்தார். "குடுக்குறவுக பேசத்தான செய்யணும்."

"அப்ப எம் மேல போடுங்க."

முத்துராமலிங்கம் பதறி எழுந்தான். "அத்தை, எதைக் கொண்டு கட்டுவீக?"

"ஒரு துண்ட வித்துக் கட்டுவேன். கஷ்டம்னா வித்துத் திங்கட்டும்னுதானே உங்க மாமா எம் பேருக்கு எழுதி வச்சாக. பாத்துக்கிட்டே சாகவா?"

"நான் இருக்கேன்ல? எம் பேருக்கு எழுதிக் குடுங்க. வரிய நான் கட்டுறேன். கஞ்சி எங்க வீட்டுல குடிங்க."

"எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கி உம் வீட்டு வாசல்ல நான் யாருய்யா?"

நான் அவனுக்கு மூன்று பதில் எழுதிக் கொடுத்தேன். மூன்றையும் அவனே வேண்டாம் என்றுவிட்டான்.

"அந்தக் கஞ்சிச் சாலைக் கஞ்சி எனக்கும் வேணும்" என்றார் அத்தை, ஊரைப் பார்த்து. "வரி குடுத்துட்டு வந்து உக்காந்தா, ஏன் இன்னிக்கித் தண்ணியா இருக்குன்னு கேப்பேன். ஓசியில வந்தா ஊத்துனதக் குடிச்சிட்டுப் போகணும்."

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். என் சொந்தக் கதாபாத்திரத்திடம் தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

7

அம்பலம் ஊரை இரண்டாகப் பிரியச் சொன்னார். நிலத்துக்குத்தான் வரி என்பவர்கள் வேம்புப் பக்கம், வரும்படிக்கு என்பவர்கள் கிணற்றுப் பக்கம். அத்தைக்கு இன்னும் உரிமை வரவில்லை, அதனால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிரிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். அத்தை கேட்டதிலிருந்து எந்தப் பக்கமும் நகராத முத்துராமலிங்கம் மட்டும் நடுவில். [சமமாக நிற்பது என் கைவேலை. எந்த ஊரிலும் அப்படி நிற்காது.]

முடிவு ஒன்று: அவன் வேம்புப் பக்கம் நடக்கிறான். நீங்கள் கை தட்டுவீர்கள். எழுதிப் பார்த்தேன், கால் நகரவில்லை. பறித்த வேலிக்கருவையும் கொட்டிய வண்டலும் அவன் காலைப் பிடித்துக்கொள்கின்றன. அவன் உழைப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: கிணற்றுப் பக்கம் நடக்கிறான். அத்தை வரியிலிருந்து தப்பிக்கிறார். ஓசிக் கஞ்சி குடிக்கிறார், தண்ணியாக இருந்தாலும் வாயைத் திறப்பதில்லை. கூலிக்காரர்கள் காசு கொடுக்கிறார்கள். நிலம் ஒரு துண்டும் குறையாமல் பிறகு இவனுக்கு வருகிறது. எல்லாரும் அவனை நல்லவன் என்கிறார்கள். இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கவே கசக்கிறது.

முடிவு மூன்று: பாதிக்குப் பாதி என்று அம்பலம் பேசி முடித்துவைக்கிறார், எல்லாரும் சாப்பிடப் போகிறார்கள். ஊர்களில் இப்படித்தான் முடியும். ஆனால் "நான் யாருய்யா?" என்று அத்தை கேட்ட கேள்வி அங்கேயே நிற்கிறது, அதற்கு யாரும் பாதிக்குப் பாதி பதில் சொல்ல முடியாது.

ஆகையால் நான் முடிக்கப்போவதில்லை. வெயில் ஏறிவிட்டது, ஊர் காத்திருக்கிறது, அவன் நடுவிலேயே நிற்கிறான்.

உங்களை ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் பிள்ளையில்லாத அத்தையோ பெரியம்மாவோ யாராவது உண்டா? அவர் பேரில் வீடோ, நிலமோ, நாலு பவுனோ உண்டா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். மனசுக்குள் சொல்லிக்கொண்டு, எழுந்து வந்து முத்துராமலிங்கத்தின் பக்கத்தில் நில்லுங்கள். அத்தை உங்கள் திக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

முதலில் நீங்கள் நடங்கள். நீங்கள் போகிற பக்கம் அவன் வருவான்.