சொல்லாதே என்று சொன்ன பிறகு

நாடிக்கட்டுப் போட வீட்டில் நல்ல வெள்ளைத்துணி கிடைக்கவில்லை. யோகேஸ்வரி தன் கைப்பையில் கிடந்த காஸ் துணிச் சுருளைப் பிரித்து இறந்துபோன அப்பா இருளப்பசாமியின் தாடையைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் ஒன்பது வருடமாக அவள் சுற்றுவதும் அதைத்தான்.

“மெதுவாட்டி, வலிக்கப் போகுது” என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினொன்றரைக்கு மோர் கொடுக்க வந்து, இருளப்பசாமி நாற்காலியில் சரிந்து கிடந்ததைக் கண்டவள் அவள்தான்.

அப்போது டிவிக்குப் பக்கத்திலிருந்த பெட்டி பேசியது. “ஐயா, மதிய மாத்திரை போட்டாச்சா?”

கூடியிருந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கும் மாமாவுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டுமென்று, செல்போன் கடை வைத்திருக்கும் அத்தை மகன் சதீஷ் கொண்டுவந்து வைத்தது அது. அவர் மாத்திரையை மறந்தால் யோகேஸ்வரியின் போனுக்கு அடிக்கும். சதீஷ் பிளக்கைப் பிடுங்க ஓடினான்.

“செத்த நேரம் இரு” என்றாள் யோகேஸ்வரி. பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். “காலையில அப்பா என்ன சொன்னாரு?”

“பத்தே காலுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்க. மககிட்ட சொல்லாத, வேலையில இருப்பான்னாங்க.”

“நீயும் சொல்லாம இருந்துட்டியாக்கும்? சொன்னதைச் செய்யுற ஜடம்தான நீ!”

“இல்லை. உங்களைக் கூப்பிட்டேன். மூணு தடவை.”

சதீஷுக்கு முகம் வெளிறிவிட்டது. “இருக்காது மதினி. மாமா வேண்டாம்னா அது செய்யவே கூடாது. அப்படித்தான் நான் செட் பண்ணிருக்கேன்.”

“வேண்டாம்னுதான் சொன்னாங்க” என்றது பெட்டி. “எனக்குத்தான் மனசு கேக்கலை.”

“மனசாம்ல! படிச்சுக் கொடுத்ததை ஒப்பிக்குது” என்றான் சதீஷ். பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பெண்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள்.

காலையில் மூன்று தடவையும் போன் அதிர்ந்தது யோகேஸ்வரியின் இடுப்பில்தான். சூப்பர்வைசர் சிவபாண்டி இன்று லீவு. எடுக்காதே என்று சொல்ல அங்கே ஒரு ஆளில்லை. காலை மாத்திரைத் தொல்லைதான் என்று எண்ணி, போனைப் பார்க்கக்கூடச் செய்யாமல், ஒரு கை சுற்றிக்கொண்டிருக்க மறு கைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிறுத்தினாள். எடுத்திருந்தால் அரை மணியில் வந்து சேர்ந்திருக்கலாம். பாவி, பாவி என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“அமத்திரவா மதினி?” சதீஷ் பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

யோகேஸ்வரி அப்பாவின் தலையைப் பார்த்தாள். இத்தனை பேச்சுக்கு நடுவே அவள் கை தானாகவே முடிச்சைப் போட்டு முடித்திருந்தது. கம்பெனியில் மூட்டைக்குப் போடும் அதே முடிச்சு.

நகத்தால் நெம்பி அதை அவிழ்த்தாள். பிறகு முதலிலிருந்து, ஒவ்வொரு சுற்றையும் பார்த்துப் பார்த்துக் கட்டத் தொடங்கினாள்.