நின்ற இடத்தில் எரிந்தது

...புதுசா, ரீகண்டிஷனா, இதை முடிவுசெய்யத் தெரியாமல் கால் மணி நேரமாக ஒர்க் ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான் பிரசன்னா, எதிரே பெஞ்சில் கார் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டு, ஒன்று அட்டைப்பெட்டியில் பளபளவென்று, மற்றது வேறு ஏதோ வண்டியில் உழைத்துக் களைத்து, காயில் மாற்றி, வெள்ளி பெயின்ட் பூசிக்கொண்டு வந்தது, மெக்கானிக் உஸ்மான் கனி பாய் அவசரப்படுத்தவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், “டெய்லி எவ்ளோ தூரம் ஓட்டுவீங்கோ சார்? தூரம்னா புதுசு போட்டுக்கோங்கோ. சும்மா கிட்டக்க போய் வர்றதுன்னா இதுவே போதும்.” எவ்வளவு தூரம்... முகப்பேரிலிருந்து சிறுசேரி ஆபீஸ் வரை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, வேலை போய் ஒன்றரை மாதமாகியும் வாய்க்கு மட்டும் இன்னும் சேதி போகவில்லை போல, மனைவி பவ்யாவிடம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தினமும் எட்டரைக்கு ஆபீஸ் போவதுபோலக் கிளம்பி, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மர நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஏசியைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைச் சொருகி, எந்தெந்த கம்பெனிக்கோ விண்ணப்பம் அனுப்பிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும்... இதைப் போய் பாயிடம் சொல்வதா?

பாய் அவன் காரிலிருந்து கழற்றிய பழையதை மூக்கருகே கொண்டுபோனார். “இது ஓடிக் கெட்டது இல்ல சார். நின்ன எடத்துலயே சூடாயி எரிஞ்சிகீது.” மனைவிக்குத் தெரியாதது இவருக்குக் கருகிய வாசனையிலேயே தெரிந்துவிடுகிறதே, அவமானமாக இருந்தது, அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது, சே, முப்பத்தெட்டு வயதில். புதுசு வாங்கினால் கையிலிருப்பது கரைந்துவிடும், பழசு போட்டால் அவ்வளவு தூரம் ஓடுகிற வண்டிக்கு ஏன் பழசு என்பாள் பவ்யா... நினைக்கும்போதே அவள் போனில் கூப்பிட்டாள். வண்டி பூந்தமல்லியில் நின்றுவிட்டது என்று காலையில் உளறியிருந்தான், தெற்கே சிறுசேரி போகிறவனுக்கு மேற்கே பூந்தமல்லியில் என்ன வேலை, நல்லவேளை அவள் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. “நீ போட்டுக் குழப்பிக்காத. மெக்கானிக்கிட்ட போனைக் குடு.”

கொடுத்தான், வேறு என்ன செய்வது, பாய் வாசலுக்குப் போய் ஆமாம்மா, சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார், மெட்ரோ தூண் பக்கம் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்ததில் ஒன்றும் காதில் விழவில்லை, எரிந்த கதையைச் சொல்லிவிடுவாரோ, ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா, பாதி எழுந்து மறுபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்தான்.

பாய் திரும்பி வந்து போனைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். “எவ்ளோ தூரம் ஓடும்னு அவங்கோ கேக்கவே இல்ல தம்பி,” சார் போய் தம்பி ஆகியிருந்தது, “நாள் பூரா ஏசி போட்டுகினு ஒரே எடத்துல நின்னா எது தாங்கும்னுதான் கேட்டாங்கோ. இன்னா போடட்டும்?”

தெரியுமா... எப்போதிலிருந்து, போன வாரமா, முதல் நாளேவா? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தானாகச் சொல்லட்டும் என்றா, சொன்னால் உடைந்துவிடுவான் என்றா? ஒன்றரை மாதமாக அவளிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான், அவளும் அவனிடம் மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், இனி வீட்டுக்குப் போனால் யார் முதலில் வாயைத் திறப்பது?