தலைகீழ்க் குருவிகள்

தன் கலைக் கண்காட்சியைத் திறந்துவைக்க இராணுவ முகாமின் பெரிய அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், சீதேவி குருத்தோலைத் தோரணங்களை அவிழ்த்து வேறுமாதிரி மடித்தாள். நல்ல காரியத்துக்குக் கட்டும் ஓலைக் குருவிகளின் தலை மேலே பார்க்கும். சாவு வீட்டில் கீழே பார்க்கும். மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அதிகாரிக்குத் தெரியாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சுற்றிவளைப்பில் அவளுடைய தம்பி நல்லரத்தினத்தைக் கொண்டுபோனது அவருடைய முகாம். போய்க் கேட்டால், அப்படி ஒருவன் இங்கே வரவேயில்லை என்பார்கள்.

அறையை இருட்டாக்கியிருந்தாள். நடுவே கண்ணாடித் தொட்டியில் வாவித் தண்ணீர், அடியில் ஒரு பல்ப். தண்ணீர் அசைய அசையக் கூரையில் ஒளி நெளிந்தது. டேப்பில் ஒரு சத்தம் ஓடியது: மீன் கலைக்கத் தோணி விளிம்பில் கம்பால் தட்டுகிற சத்தம். தம்பியின் தொழில் அது. சுற்றிவரக் கண்டல் மரக் கம்புகள், அவற்றில் தலைகீழ்க் குருவிகள்.

வந்த சனம் வாசலிலேயே செருப்பைக் கழற்றியது.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"நல்ல அமைதியா இருக்காம். சமாதானத்துக்கு ஏத்த வேலையாம்," என்றார் மொழிபெயர்க்க வந்த அப்துல் கபூர், அவள் முகத்தைப் பாராமல்.

"அவருக்கு ஏத்ததுதான் எண்டு சொல்லுங்க."

அப்போதுதான் புஸ்பம் வந்தாள். நல்லரத்தினத்தின் மனைவி. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. மேலே பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்னகா மச்சாள் இது? ஆருக்குச் செத்த வீடு?"

"மெல்லக் கதை புஸ்பம். இந்த ஆமிக்காரன்ட மூஞ்சில அடிக்கத்தான் கட்டின."

"என்ட நெத்தியிலதான் அடிச்சிருக்கீங்க! சனம் செருப்பைக் கழட்டிப்போட்டுத் துக்கம் விசாரிக்குது. அவர் செத்துட்டாரெண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

"அவன் என்ட தம்பி."

"தம்பியெண்டா? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

புஸ்பம் ஒரு கம்பைப் பிடித்து இழுத்தாள். ஓலைகள் தொட்டிக்குள் விழ, கூரையில் ஒளி தாறுமாறாகச் சிதறியது. என்ன பிரச்சினை என்று அதிகாரி கேட்டார். அப்துல் கபூர் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

புஸ்பம் நேரே அதிகாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கபூர் காக்கா, ஒண்டையும் விழுங்காம அப்படியே சொல்லுங்க. இது சாவு வீட்டுத் தோரணம். என்ட புருசன் நல்லரத்தினம் இவர்ட முகாமுக்குள்ள போனவர். இருக்காரா, இல்லையா? இல்லையெண்டு இவர் வாயால சொல்லட்டும். மிச்சக் குருவியை நானே மடிச்சுத் தாறன்."

அப்துல் கபூர் சொன்னார். மெதுவாக, எதையும் விடாமல். பாதியிலேயே அதிகாரி நிமிர்ந்து ஓலைகளைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. வாசலை நோக்கித் திரும்பினார்.

வாசலில் நின்ற சனம் விலகவில்லை. அவர்களுக்குப் பின்னால், அதிகாரியோடு வந்த சிப்பாய்கள் துவக்குகளைத் தோளிலிருந்து இறக்கினார்கள்.

சீதேவி போய்ப் புஸ்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அவள் கேட்டதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க காக்கா," என்றாள்.