துப்பாக்கிக்கான கெட்டில்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவன் என் கொழுந்தன் ரூடி. போன வாரம் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் நீளமான துணியுறை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அண்ணி, நீங்க லைப்ரரியில வேலை பாத்தவங்க. நடந்ததை ஒரு தடவ ஒழுங்கா எழுதிப் பாருங்க. எழுதி முடிச்ச பிறகும் எம்மேல கோவம் இருந்தா, நான் இந்தப் பக்கமே வரல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரேன். கதவைத் திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம்."

நான் கதவைச் சாத்தினேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'எமில் கோவாலிக் இறந்த அன்று மலைச்சரிவில் மேப்பிள் மரங்கள்...' வேண்டாம். அன்றைக்கு மரத்தை யார் பார்த்தார்கள்?

இரண்டாவது தொடக்கம்: 'என் கணவரின் சாவுக்குக் காரணம்...' இந்த வாக்கியத்தை முடித்தால் கதையும் முடிந்துவிடும். ரூடியும் முடிந்துவிடுவான். பாதியிலேயே நிற்கட்டும்.

மூன்றாவது தொடக்கம், மலிவான தோட்டாவைப் பார்த்து வாங்குவது எப்படி என்பது. இதுதான் சரி. எங்கள் வீட்டில் வேறெதைப் பற்றியும் இவ்வளவு பேசியதில்லை.

இன்னொன்று. 'நான்' என்று எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் என் பக்கமே சாய்கிறது. அதனால் இனி மார்லீன் என்றே எழுதப் பார்க்கிறேன். நழுவினால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன்.

2

மார்ச் மாதம். தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் துப்பாக்கிச் சந்தை. வாசலோரம் மாதா கோயில் பெண்கள் வெண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்டு, பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். மார்லீன் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, கணவர் எமிலுக்கும் ரூடிக்கும் பின்னால் நடந்தாள்.

எமிலின் அப்பா போரிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் ரைஃபிளுக்குத் தோட்டா தீர்ந்திருந்தது. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும், குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி மூட வேண்டிய பழைய ரகம். எஃகு ஆலையை மூடிய பிறகு கடைத் தோட்டா எமிலுக்குக் கட்டுப்படியாகவில்லை. எங்கெங்கோ ராணுவங்கள் கழித்துவிட்டவைதான் இங்கே எல்லோருக்கும். வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரி அவற்றைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து வாங்குவார்கள்.

தோட்டா வியாபாரி ஸ்டட்ஸ்மனின் மேசையில் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று, எமில் வழக்கமாக வாங்கும் ருமேனியத் தகரப்பெட்டி. மீன் டப்பா போல வெட்டித்தான் திறக்க வேண்டும். இன்னொன்று, துணிப்பட்டையில் செருகிய தோட்டாக்கள். எந்தக் கிடங்கில் எத்தனை கோடை வெந்தவையோ.

"தகரம் விலை ஏறிப்போச்சு எமில். துணிப்பட்டைன்னா பாதிதான்."

"பாதி விலைக்கு அதுக்கு என்ன சீக்கு?"

"ஒரு சீக்கும் இல்ல. கொஞ்சம் பலமா உதைக்கும். உங்க வீட்டம்மா உதைக்கறதை விடக் கம்மிதான்."

"கையில தட்டு இருக்கு ஸ்டட்ஸ்மன். இல்லேன்னா இங்கயே ஒப்பிட்டுப் பாத்திருக்கலாம்," என்றாள் மார்லீன்.

ரூடி ஒன்றை உருவி வெளிச்சத்தில் திருப்பினான். பித்தளையின் கழுத்தில் கீறல் இருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தான். குண்டை விரலால் திருகிப் பார்த்தான். காதோரம் குலுக்கி உள்ளே மருந்து சரசரவென்று ஓடுவதைக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே."

"நீ சொன்னா சரி. எனக்குக் கிட்டப் பார்வை போயி எவ்வளவு நாளாச்சு. போன சண்டே இவளோட தொப்பியைப் பூனைன்னு நெனச்சுத் தடவிக் குடுத்தேன்."

மார்லீன் புளிப்புப் பாலாடை வாங்கத் திரும்பிப் போனாள். அந்த நேரத்தில் ஸ்டட்ஸ்மன் சொன்னாராம்: "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. இது சில சமயம் தூங்கும். ஊசி குத்தினதும் வெடிக்காது, லேட்டா வெடிக்கும். பொறுமையாக் காத்திருக்கணும்." எமிலும் அதைக் கேட்டுத் தலையாட்டினாராம்.

(இந்தக் கதையில் இரண்டு இடங்களில் ரூடியின் பேச்சைத் தவிர எனக்கு வேறு பிடி இல்லை. இது முதலாவது. ஸ்டட்ஸ்மன் கோடையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.)

3

கதையை இங்கே நிறுத்திவிட்டு இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும்.

முதல் வழக்கம் கொதிநீர். இந்தப் பழைய தோட்டாக்களின் அடியில், துப்பாக்கியின் ஊசி குத்தியதும் பொறி கிளப்புகிற கேப்பில் ஒருவகை உப்பு சேர்த்திருப்பார்கள். சுட்ட அன்றே குழலுக்குள் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவாவிட்டால் மறுநாளே துரு ஏறும். அதனால் மார்லீனின் அடுப்படியில் இரண்டு கெட்டில்கள். சிவப்பு காப்பிக்கு. அடி கறுத்த அலுமினியம் துப்பாக்கிக்கு. எமில் சுடப் போகும் நாட்களில், அவர் திரும்பும் நேரம் பார்த்து அலுமினியக் கெட்டிலை ஏற்றி வைப்பாள்.*

இரண்டாவது வழக்கம் இரண்டாவது அடி. ருமேனியத் தகரத்துக் கேப் கடினம். சில சமயம் ஊசி குத்தியும் 'டிக்' என்று மட்டும் கேட்கும். அப்போது துப்பாக்கியை இலக்கை விட்டுத் திருப்பாமல் காத்திருக்க வேண்டும் என்பது விதி. விதி சுடும் களத்துப் பலகையில் தொங்கியது. எங்கள் ஆட்கள் செய்ததோ வேறு. உடனே கைப்பிடியைத் தூக்கி, ஊசியை மறுபடி ஏற்றி, இன்னொரு அடி. அதில் வெடித்துவிடும். வருடக்கணக்கில் வெடித்திருக்கிறது. எமிலின் கை அதற்குப் பழகியிருந்தது. பட்டையில் வந்தது வேறு சரக்கு என்பது அந்தக் கைக்குத் தெரியாது.

* ஒரு தடவை பாதிரியாருக்குத் தவறுதலாக அதிலிருந்தே காப்பி போட்டுக் கொடுத்துவிட்டாள். அவர் பாராட்டினார். எமில் மாதக்கணக்கில் சிரித்தார்.

4

அக்டோபர். கிளப்பின் பழைய ராணுவ ரைஃபிள் போட்டி. மார்லீன் வீட்டில் இருந்தாள். ஆக, இந்தப் பகுதியை எழுத எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு விதமாக எழுதலாம்: எமில் விசையை அழுத்துகிறார். 'டிக்.' ஸ்டட்ஸ்மன் சொன்னது நினைவுக்கு வருகிறது. அசையாமல் இருக்கிறார். வெடிக்கிறது. "தூங்குமூஞ்சி!" என்று தோட்டாவைத் திட்டுகிறார். வரிசையே சிரிக்கிறது. வீட்டில் கெட்டில் விசிலடிக்கிறது.

இந்த விதத்தைப் பலமுறை எழுதிவிட்டேன். நன்றாக வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

நடந்தது: எமில் விசையை அழுத்தினார். 'டிக்.' கை தானாகக் கைப்பிடியைத் தூக்கியது. பூட்டு விட்ட அந்த நொடியில் தோட்டா விழித்துக்கொண்டது. போல்ட் சிதறியது. பித்தளைத் துண்டு ஒன்று அவருடைய கழுத்தில்

(இதற்கு மேல் தேவையில்லை.)

பக்கத்து இடத்தில் இருந்த ரூடிதான் முதலில் ஓடி வந்து மண்டியிட்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை தன் சட்டையைக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். இதற்குச் சாட்சிகள் நிறைய உண்டு.

5

ஆஸ்பத்திரிக்கு மார்லீன் தனியாகப் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் தனியாகத்தான் அவளிடம் சொன்னார். ரூடி அங்கே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு தாழ்வாரத்தில் நடந்து வந்தான். வேறு சட்டை போட்டிருந்தான். முழங்கை வரை ஈரம். உடம்பெல்லாம் துப்பாக்கி எண்ணெய் வாசனை.

"எங்க போயிருந்தே?"

"துப்பாக்கியைக் கழுவிட்டு வரேன் அண்ணி."

மார்லீனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணன் உயிர் போயிட்டிருந்துச்சு. நீ தண்ணி கொதிக்க வச்சிட்டிருந்தியா? உடைஞ்சுபோன துப்பாக்கிடா அது! அதை எவன் இனிமே சுடப் போறான்?"

"அண்ணன்தான் சொன்னாரு அண்ணி. கீழ கிடக்கறப்போ என் காதுகிட்ட. 'ரூடி, கழுவிடு. அவ கெட்டில் வச்சிருப்பா'ன்னு. உங்க வீட்டுக்குத்தான் போனேன். பூட்டியிருந்துச்சு. அதான் என் வீட்டுல..."

"பொய் சொல்லாதே. போ."

போனான். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றான்.

(இது இரண்டாவது. கழுத்தில் அப்படிப்பட்ட காயத்தோடு ஒரு மனிதரால் பேச முடியுமா? டாக்டரிடம் கேட்டேன். "முடிஞ்சிருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம்," என்றார். உதடு அசைந்ததைப் பார்த்ததாகக் களப் பொறுப்பாளர் சொல்கிறார். சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. காதுமூடி போட்டிருந்தாராம்.)

6

இப்போது முடிவு.

எமில் அப்படிச் சொல்லியிருந்தால், அவருடைய கடைசிப் பேச்சில் நான் இருக்கிறேன். கெட்டிலோடு இருக்கிறேன். அந்தச் சொல்லைச் சுமந்து வந்தவனைத்தான் இத்தனை மாதமாக வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சொல்லாமலே இருந்திருந்தால், ரூடி பார்த்து வாங்கிய தோட்டா அண்ணனைக் கொன்றது. அவன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தான். தாழ்வாரத்தில் நான் கேட்டதும், வாய்க்கு வந்த ஒரு வாக்கியத்தைச் செத்தவர் வாயில் வைத்தான். ஆனால்

ஆனால் பொய் சொல்ல நினைக்கிறவன் இதைவிட நல்ல வாக்கியமாகப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டானா? 'அண்ணியைப் பாத்துக்கோ' என்று? 'உன் தப்பில்ல' என்று? அப்படித்தானே கதைகளில் வரும். 'கழுவிடு' என்பதை யார் கற்பனை செய்வார்கள்?

(எமிலோடு கூடவே வளர்ந்தவன் செய்வான். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.)

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் நான் நல்லவளாகிவிடுகிறேன். இரண்டாவதில் என் கோபம் நியாயமாகிவிடுகிறது. இரண்டிலும் ரூடி என்கிற மனிதனைக் காணவில்லை. அதனால் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இதுவரை படித்த உங்களுக்கு எனக்குத் தெரிந்தது எல்லாம் தெரியும். எனக்குப் பயந்து ரூடியைக் கூட்டியோ குறைத்தோ எடைபோட வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன். சிவப்புக் கெட்டிலா, அலுமினியமா என்று எழுதப் போவதில்லை. சரளைக்கல்லில் வண்டி வந்து நிற்கும் சத்தம். வண்டிக் கதவு சாத்தும் சத்தம். படியில் காலடி.

ரூடி கதவைத் தட்டுகிறான். ஒரே ஒரு தடவை.

மறுபடி தட்டவில்லை. அசையாமல் காத்துக்கொண்டு நிற்கிறான்.