கேட் அடைத்தால் போடும் பாட்டு

“கேட் அடைச்சா போடுறது... அதைப் போடும்மா” என்றார் அப்பா.

மகள் மடிக்கணினியைக் கட்டிலருகே இழுத்து, தேடும் கட்டத்தில் ‘கேட்’ என்று தட்டினாள். எதுவும் இல்லை என்றது திரை.

பிற்பகல் மூன்று மணி. மாலையைத் தாண்டாது என்று மருத்துவர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். நர்சம்மா நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“படம் பேரு சொல்லுங்கப்பா.”

“நான் பஸ்ஸுதானே ஓட்டுனேன். தியேட்டரா நடத்துனேன்?”

“வாய் மட்டும் இன்னும் குறையல பாருங்க” என்றார் நர்சம்மா.

“முதல் வரியாவது ஞாபகம் இருக்காப்பா?”

“ரயில் போற வரைக்கும் ஓடும். சின்னதுல நீதான் கேட்டுக் கேட்டுப் போடச் சொல்லுவ.” கண்களை மூடிக்கொண்டார்.

அடைத்த கேட் அவளுக்கு நினைவிருந்தது. முன் இருக்கையின் சூடு நினைவிருந்தது. பாட்டு நினைவில்லை.

முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டியவர், இந்த மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்த நாலாயிரம் பாட்டுக்கும் தாமே பெயர் வைத்திருந்தார். ‘மேடு ஏறும்போது’, ‘கண்டக்டருக்குக் கோபம்’, ‘பிள்ளைங்க இறங்கினப்புறம்’. எதைக் கேட்டாலும் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துப் போடுவார். நூலகத்தில் பட்டியல் தயாரிக்கும் மகளுக்கு அது குப்பையாகத் தெரிந்தது. சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் மென்பொருள் ஒன்றை ஏவினாள். பழைய பெயர்கள் போயின. படம், பாடகர், ஆண்டு என நாலாயிரமும் அணிவகுத்து நின்றன. ஒழுங்கு வந்தது. ஒழுங்கின் பெயரால் ஒரு மனிதரின் முப்பத்தோராண்டு துடைக்கப்பட்டது. எதிரி துடைக்கவில்லை; மகள் துடைத்தாள். அவரைக் கேட்டாளா? நன்மை செய்யக் கிளம்பியவர்கள் யாரைக் கேட்டிருக்கிறார்கள்!

“இனிமே எந்தப் பாட்டும் நொடியில கிடைக்கும்பா.”

“நல்லாத்தாம்மா இருக்கு.”

அதன்பின் அவராக ஒரு பாட்டும் போட்டதில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றே அவள் எண்ணியிருந்தாள்.

‘ரயில்’ என்று தட்டினாள். பதினேழு வந்தன. முதலாவதைப் போட்டாள். இல்லை என்று தலை அசைந்தது. இரண்டாவதற்கும் அசைந்தது. மூன்றாவதற்குப் புருவம் மட்டும் சுளித்தது. நான்கு, ஐந்து. ஒவ்வொன்றையும் தொடங்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

ஆறாவது பாட்டுக்குத் தலை அசையவில்லை. புருவமும் சுளிக்கவில்லை.

“இதுதானாப்பா?” அவள் குரலில் மகிழ்ச்சி இருந்தது. “இதுதானே?”

நர்சம்மா அவர் மணிக்கட்டை மெல்லப் படுக்கைமேல் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாட்ட நிறுத்திரவாம்மா?”

“முடியட்டும்.”

இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீளமான பாட்டு.

“யாருக்காச்சும் சொல்லணுமா?”

“சொல்லணும்.” கைப்பேசியை எடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. யாரும் தொடாமலே ஏழாவது தொடங்கியது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.